யுங் விங்: மாணவரைத் தூதராக்கிய பெரு விசாரணை

1854-இல் யேலில் பட்டம் பெற்ற யுங் விங், அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர். சீனச் சிறுவர்களைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்ற கல்வியாளராகவே அவரைப் பலரும் அறிவர். அவரது தூதர் பணி அந்தக் கதையின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. இது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன். 1874-இல் பெரு நாட்டில் அவர் நடத்திய விசாரணைதான் மாணவரைத் தூதராக்கியது. அமெரிக்காவில் சீனத் தூதரகம் அமைந்ததற்கான காரணங்களில் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது.

மக்காவுக்கு அருகே நான்பிங் என்ற சிற்றூரில் 1828-இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் யுங் விங். ஹாங்காங்கில் மிஷனரிப் பள்ளியில் அவருடைய ஆசிரியராக இருந்த சாமுவேல் பிரவுன், உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பியபோது மூன்று மாணவர்களைத் தம்மோடு அழைத்துச் சென்றார். 1847 ஜனவரியில் தேயிலை ஏற்றிய 'ஹன்ட்ரஸ்' கப்பலில் கிளம்பியவர்கள் ஏப்ரலில் நியூயார்க் சேர்ந்தார்கள். மூவரில் ஒருவர் நோயுற்று ஊர் திரும்பினார். மற்றொருவர் எடின்பரோ சென்று மருத்துவரானார். யுங் விங் யேலில் சேர விரும்பினார். மதபோதகராகவே நாடு திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்தால் உதவித்தொகை கிடைக்கும் என்றார்கள். கையில் பணமில்லாத நிலையிலும் அவர் அதற்கு உடன்படவில்லை. 1852-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

சீனா திரும்பியவருக்குத் தாய்மொழியே மறந்துபோயிருந்தது. அதை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. 1863-இல் ஆளுநர் செங் குவோபான் அவரை அழைத்து, இயந்திரங்கள் வாங்கிவர அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஷாங்காயின் ஜியாங்னான் ஆயுதச் சாலைக்கு அவை சென்று சேர்ந்தன. அந்த நம்பிக்கையின் பலனாகவே அவரது கல்வித் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆண்டுக்கு 30 பேராக நான்கு ஆண்டுகளில் 120 சிறுவர்களை அனுப்புவது திட்டம். முதல் குழு 1872-இல் புறப்பட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரம் அதன் தலைமையிடமாயிற்று.

1873-இல் பெருவின் தூதுவர் தியான்ஜினுக்கு வந்து, தம் நாட்டில் சீனத் தொழிலாளர்கள் நலமாக இருப்பதாகச் சொல்லி ஒப்பந்தம் கேட்டார். 1849 முதல் சுமார் ஒரு லட்சம் சீனர்கள் அங்கே கப்பலேற்றப்பட்டிருந்தார்கள். கரும்புத் தோட்டங்களிலும் கடற்பறவை எச்சம் வெட்டும் தீவுகளிலும் உழைத்தார்கள். அப்போது தியான்ஜினில் இருந்த யுங் விங்குக்கு, 1855-இல் மக்காவில் கண்ட காட்சி மறக்கவில்லை. ஒருவர் சடையோடு இன்னொருவர் சடையைப் பிணைத்து, கூலியாட்களை வரிசையாகக் கொட்டடிக்கு இழுத்துப் போனார்கள். தூதுவரிடம் அவர் அதை நேருக்கு நேர் சொன்னார். நேரில் போய் விசாரித்து வரும்படி அப்பகுதியின் ஆளுநர் லீ ஹோங்ஜாங் அவருக்கு உத்தரவிட்டார்.

ஹார்ட்ஃபோர்டின் போதகர் ஜோசப் ட்விச்செல், மருத்துவர் கெல்லாக் ஆகிய இரு நண்பர்களுடன் அவர் பெரு சென்றார். மூன்று மாதத்தில் அறிக்கை தயாரானது. அதனுடன் இரண்டு டஜன் புகைப்படங்களும் இருந்தன. எல்லாமே சவுக்கடியால் கிழிந்த முதுகுகள். பாதிக்கப்பட்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல், இரவில் எடுக்கப்பட்டவை என்று 1909-இல் வெளியான தன்வரலாற்றில் அவர் எழுதுகிறார். முதலில் அறிக்கையை மட்டும் முன்வைத்து, பெருவின் தரப்பு மறுத்த பிறகு படங்களைக் காட்டும்படி அவர் யோசனை சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது, அதற்குமேல் மறுக்க அவர்களுக்கு வழியிருக்கவில்லை. எதிராளி எங்கே மறுப்பார் என்று முன்கூட்டியே கணித்துச் சான்றைப் பத்திரப்படுத்திய இந்த நிதானத்தில் ஒரு தேர்ந்த தூதரைக் காண்கிறோம்.

அதே ஆண்டில் கல்வித் திட்டத்தில் அவருடைய மூத்த சகாவான சென் லான்பின் கியூபாவில் 1,176 வாக்குமூலங்களைத் திரட்டினார். 1875 டிசம்பரில் அரசவை இந்த இருவரையுமே தூதர்களாக நியமித்தது: சென் தூதர், யுங் துணைத் தூதர். அவர்கள் பொறுப்பில் விடப்பட்ட நாடுகள் அமெரிக்கா, ஸ்பெயின், பெரு. கியூபா அப்போது ஸ்பெயினின் காலனி. சீனத் தொழிலாளர்கள் சென்ற இடங்களையே இந்த நியமனம் பின்தொடர்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1878-இல் வாஷிங்டனில் நியமனப் பத்திரங்களை அளித்த பிறகு நேர்ந்தவை வேதனையானவை. அரசுக் கல்வி நிறுவனங்களில் சீனர்கள் பயிலலாம் என்று 1868-ஆம் ஆண்டின் பர்லிங்கேம் ஒப்பந்தம் வாக்களித்திருந்தது. அதை நம்பித் தம் மாணவர்களுக்கு ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் யுங் இடம் கேட்டபோது அமெரிக்க அரசு மறுத்துவிட்டது. மாணவர்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள், தேவாலயம் போகிறார்கள் என்று சீன அதிகாரிகள் ஏற்கெனவே புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த மறுப்பு அவர்கள் கையை வலுப்படுத்தியது. மார்க் ட்வைனும் முன்னாள் அதிபர் கிராண்டும் பரிந்து பேசியும் 1881-இல் மாணவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மறு ஆண்டே அமெரிக்காவில் சீனத் தொழிலாளர் வருகைக்குத் தடைச் சட்டம் வந்தது. 1898-இல் யுங்கின் குடியுரிமையையும் அமெரிக்கா ஏற்க மறுத்தது. அதே ஆண்டு சீர்திருத்த இயக்கம் நசுக்கப்பட்டதால் பெய்ஜிங்கிலிருந்தும் அவர் தப்பியோட வேண்டியிருந்தது. 1912 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டில் காலமானார்.

அவர் அழைத்து வந்த சிறுவர்களில் ஒருவரான லியாங் செங் 1903-இல் அதே வாஷிங்டனுக்குத் தூதராக வந்தார். பாக்ஸர் கலகத்துக்காகச் சீனா மீது சுமத்தப்பட்ட இழப்பீட்டில் அமெரிக்கா தன் உண்மையான சேதத்தைவிட அதிகம் பெறுகிறது என்று விடாமல் வாதாடினார். 1908-இல் உபரியைத் திருப்பித் தர அமெரிக்கா இசைந்தது. அந்தப் பணத்தில் சீன மாணவர்கள் மீண்டும் அமெரிக்கா செல்லத் தொடங்கினார்கள். அவர்களைத் தயார்ப்படுத்தவே 1911-இல் பெய்ஜிங்கில் சிங்ஹுவா கல்விக்கூடம் திறக்கப்பட்டது.