தலைமை நீதிபதி ஃப்ளாரன்ஸ் ஆலன்

அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920 ஆகஸ்டில். அதே நவம்பரில், ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஃப்ளாரன்ஸ் ஆலன் என்னும் பெண்மணி தேர்தலில் வென்று நீதிபதியானார். அங்கே அப்பதவிக்கும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர்.

உடனிருந்த ஆண் நீதிபதிகள் ஒரு யோசனை சொன்னார்கள். மணவிலக்கு வழக்குகளுக்கெனத் தனிப்பிரிவு அமைத்து, அதனை அவரிடம் விட்டுவிடலாம் என்றார்கள். பார்வைக்கு மரியாதை; உள்ளே ஓரங்கட்டல். ஆலன் மறுத்துவிட்டார். தாம் மணமாகாதவர் என்றும், மணவாழ்வை அறிந்த அவர்களே அவ்வழக்குகளுக்குப் பொருத்தமானவர்கள் என்றும் கூறினார். இதை வாசித்தபோது நமக்குப் புன்னகை வந்தது.

அடுத்த ஆண்டே கொலைக் குற்றவாளி ஒருவனுக்கு அவர் மரண தண்டனை விதித்தார். மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவர் பணியை விடவில்லை. பெண் நீதிபதியாகலாமா என்னும் வினா நம் ஃபிக்ஹு நூல்களிலும் பழமையானது. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அனுமதியில்லை. ஹனஃபீ மத்ஹபிலோ ஹுதூத், கிஸாஸ் நீங்கலான வழக்குகளில் அவரது தீர்ப்பு செல்லும் என்பர். அப்பாடத்தை நடத்தும் நாம் இந்த வழக்கை எளிதில் கடந்துபோக இயலவில்லை.

1922இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றத்திற்கு மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். எந்த மாநிலத்திலும் அதற்குமுன் அவ்விருக்கையில் ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. 1934இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை ஆறாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு நியமித்தார். ஒஹாயோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னசி ஆகிய நான்கு மாநிலங்களின் மேல்முறையீடுகள் அங்கு வரும். அத்தகைய நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே. இயந்திர நுட்பம் நிறைந்த காப்புரிமை வழக்குகளிலும் தமக்குரிய பங்கை அவர் ஏற்றார்.

அவரது பெயரை நாடறியச் செய்தது 1938ஆம் ஆண்டின் வழக்கு. டென்னசி ஆற்றில் அணைகள் கட்டி அரசே மின்சாரம் விற்பது அரசியல் சட்டத்திற்கு முரண் எனத் தனியார் மின்நிறுவனங்கள் வாதிட்டன. மூவர் அமர்வுக்கு ஆலன் தலைமை வகித்தார். தீர்ப்பு அரசுக்குச் சாதகமாயிற்று.

உச்ச நீதிமன்றத்திற்கு அவர் பெயர் பலமுறை பேசப்பட்டது, நியமனம் வரவில்லை. 1958இல் தம் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்; 1966இல் காலமானார். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் இரண்டாவது பெண்ணாக ஷிர்லி ஹஃப்ஸ்டெட்லர் அமர்ந்தது 1968இல், ஆலனின் நியமனத்திற்கு 34 ஆண்டுகள் கழித்து.