தன் பக்கத்தைத் தடுத்தவர்கள்: பின்லாந்து, 1918–1940

அரசியல் பகை முற்றிக் கலவரமாகவோ சர்வாதிகாரமாகவோ வெடிக்காமல் ஒரு சமூகத்தைக் காப்பது எது? இக்கேள்விக்கு இந்திய ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாளும் விடை அரசியலறிஞர் அசுதோஷ் வார்ஷ்னேயுடையது. கோழிக்கோடு–அலிகார், ஹைதராபாத்–லக்னோ, சூரத்–அகமதாபாத் என இணை இணையாக நகரங்களை ஒப்பிட்டு 2002இல் அவர் வெளியிட்ட நூல், இந்து, முஸ்லிம் ஆகிய இரு மதத்தாரும் கலந்திருக்கும் வணிகர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் வலுவாக உள்ள நகரங்களில் வதந்தி கலவரமாக மாறுவது அரிது என்று வாதிட்டது. எனக்கு அந்த விடையில் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அப்படிக் கலந்து பழக ஒரு சங்கம்கூட இல்லாதபடி பிளந்துபோன சமூகம் என்ன செய்வது? அதற்கு வழியே கிடையாது என்று கைவிட்டுவிட முடியுமா? பின்லாந்தின் இருபது ஆண்டுக்கால அனுபவம் இங்கே வேறொரு விடையைத் தருகிறது.

1918 ஜனவரி இறுதியில் மூண்டு மே நடுவில் முடிந்த உள்நாட்டுப் போர், சுமார் 31 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாட்டில் 36,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தோற்ற, தொழிலாளர்–சோஷலிசச் செம்படைத் தரப்பினரில் 12,000க்கும் மேற்பட்டோர் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதன்பின் எல்லாமே இரண்டிரண்டு. கூட்டுறவுக் கடைகள் போருக்குச் சற்று முன்பே இரு முகாம்களாகப் பிரிந்திருந்தன. 1919இல் தொழிலாளர்கள் விளையாட்டுக்கும் தனிச் சங்கம் கண்டார்கள். சர்க்கரை வாங்கும் கடையும் ஓடிப் பழகும் மைதானமும் ஒருவர் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடும் நிலை. வார்ஷ்னேயின் அளவுகோல்படி பார்த்தால், 1934இல் ஜனநாயகத்தை இழந்த எஸ்தோனியா, லாத்வியாவின் வழியில் இந்நாடும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

முதற்காரணம், தோற்றவருக்குக் கதவு அடைக்கப்படவில்லை. போர் ஓய்ந்த பத்தே மாதத்தில், 1919 மார்ச் தேர்தலில், சோஷலிச ஜனநாயகக் கட்சி 200 இடங்களில் 80ஐப் பிடித்தது. 1918, 1922ஆம் ஆண்டுகளின் நிலச் சட்டங்கள் குத்தகைக் குடியானவர்களும் நிலமற்றவர்களும் நில உடைமையாளர்களாக வழிசெய்தன. 1926 டிசம்பரில் அக்கட்சியின் வைனோ தன்னர் பிரதமரானார். 1927 மே 16 அன்று நடந்ததை நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. அது 1918இல் வென்ற பழமைவாத வெள்ளைப்படையின் வெற்றி நாள். குடியரசுத் தலைவர் உடல்நலமின்றி இருந்ததால், வெற்றிபெற்றவர்களின் அணிவகுப்பு மரியாதையைத் தோற்றவர்களின் கட்சியைச் சேர்ந்த பிரதமர் தன்னரே நின்று ஏற்றுக்கொண்டார். சொந்தக் கட்சிக்குள் அவர் மீது கடுங்கோபம் எழுந்தது. முகாம்களில் தம் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் அதை எப்படித் தாங்கியிருக்கும்! அந்தக் கோபம் நியாயமானது. அதைத் தெரிந்தே அவர் நின்றார் என்பதுதான் அந்தச் செயலின் எடை.

இரண்டாவது காரணம் வலதுபுறமிருந்து வந்த சோதனையில் வெளிப்பட்டது. 1929 நவம்பரில் லாப்புவா என்ற ஊரில், கூட்டம் நடத்த வந்த இளம் கம்யூனிஸ்டுகளின் செஞ்சட்டைகளைக் கிழித்ததில் தொடங்கிய இயக்கம், 1930 ஜூலை 7 அன்று 12,000 பேரை ஹெல்சிங்கியில் திரட்டியது. அரசு பணிந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர் 23 பேரும் நாடாளுமன்றத்திலிருந்து அகற்றப்பட்டார்கள். குடியரசுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதற்கிடையே இடதுசாரிகளை இரவோடு இரவாகக் காரில் ஏற்றி சோவியத் எல்லையில் தள்ளிவிடும் வழக்கம் பரவியது. அதற்குச் ‘சவாரி’ என்ற பொருள்படும் சாதாரணச் சொல்லையே புழங்கினார்கள். அடியும் உதையும் சில வேளை கொலையும் அந்தச் சொல்லுக்குள் மறைந்திருந்தன.

1930 அக்டோபர் 14 காலை, நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய ஒரு முதிய தம்பதியைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கணவர், நாட்டின் முதல் குடியரசுத் தலைவரும் அரசியலமைப்பை வரைந்தவருமான ஸ்டால்பெர்க். உடன் அவர் மனைவி எஸ்டர். கிழக்கே யோயன்சூ நகரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதுவரை ‘பையன்கள் கொஞ்சம் முரட்டுத்தனம், ஆனால் நோக்கம் நல்லது’ என்ற பாவனையில் இருந்த பழமைவாதிகள் பலருக்கு அன்றுதான் கண் திறந்தது.

என்றாலும் தீர்ப்பு நாள் 1932இல்தான் வந்தது. பிப்ரவரி 27 அன்று மான்ட்சாலாவில் சோஷலிச ஜனநாயகக் கட்சிக் கூட்டத்தை ஆயுதம் தாங்கிய ஊர்க்காவல் படையினர் கலைத்தார்கள். பின் லாப்புவா இயக்கத்தாரோடு சேர்ந்து, அரசே விலக வேண்டும் என்று கிளர்ந்தார்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுவுட் வெள்ளைத் தரப்பின் மூத்த தலைவர். முந்தைய ஆண்டு அதே வலதுசாரிகளின் ஆதரவோடு, ஸ்டால்பெர்க்கை 151க்கு 149 என்ற வாக்குக் கணக்கில் வென்று பதவிக்கு வந்தவர். மார்ச் 2 அன்று அவர் வானொலியில் பேசினார். வீடு திரும்புங்கள், திரும்பும் சாதாரண ஆட்களுக்குத் தண்டனை இல்லை, தூண்டியவர்களே பொறுப்பேற்க வேண்டும் என்றார். படைவீரர்கள் கலைந்தார்கள். இதே சொற்களைத் தன்னர் பேசியிருந்தால் ஒருவர்கூடத் துப்பாக்கியைக் கீழே வைத்திருக்க மாட்டார் என்பது என் திடமான எண்ணம். தீவிரவாதியைத் தடுக்கும் ஆற்றல் அவனுடைய எதிரியிடம் இருப்பதில்லை. அவன் ‘நம்மவர்’ என்று நம்பும் மனிதரிடம் இருக்கிறது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க இயற்றிய சட்டத்தைக் கொண்டே லாப்புவா இயக்கமும் தடைசெய்யப்பட்டது.

இதற்கு விலை உண்டு. ஸ்வின்ஹுவுட்டின் பழமைவாதத் தேசியக் கூட்டணிக் கட்சி 1930இல் 42 இடங்கள் வைத்திருந்தது. 1933இல் 18 ஆனது. லாப்புவாவின் வாரிசுக் கட்சி 14 இடம் பெற்றது. ஆனாலும் 1934இல் தலைமையேற்ற பாசிகிவி அந்தத் தீவிரவாதிகளுடனான உறவை முறித்தார். 1939இல் அவர்கள் 8 இடங்களுக்குச் சுருங்கினார்கள். இன்னொரு விலையை மறைப்பது நேர்மையாகாது: கம்யூனிஸ்டுகள் 1944 வரை சட்டத்துக்குப் புறம்பே நின்றார்கள். அவர்களுக்குச் சமரசத்தில் பங்கு கிடைக்கவில்லை. கிளர்ச்சியாளருக்கு இலேசான தண்டனையும் அவர்களுக்குக் கடும் சிறையும் கிடைத்ததை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

1937இல் விவசாயிகள் கட்சியும் சோஷலிச ஜனநாயகக் கட்சியும் கூட்டணி அரசில் இணைந்தன. 1939 நவம்பரில் சோவியத் படை நுழைந்தபோது தொழிலாளர் பெருந்திரளாகப் போர்முனைக்குப் போனார்கள். 1940 வசந்தத்தில், வெள்ளைப்படையை 1918இல் தலைமையேற்று நடத்திய அதே மன்னர்ஹைம், மே 16 வெற்றி அணிவகுப்பை நிறுத்தும்படி ஆணையிட்டார். அதற்கு மாற்றாக மே மாதத்தில் ஒரு ஞாயிறு, சோவியத்துடனான போரில் மாண்டவர்களோடு 1918இல் இரு தரப்பிலும் தம் கொள்கைக்காக உயிர்விட்டவர்களையும் நினைக்கும் நாளாயிற்று.