1939 ஜூன்: அட்லாண்டிக்கில் இரு கப்பல்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் ஜெர்மானியப் போதகர் டீட்ரிஷ் பொன்ஹோஃபரைக் குறித்து நான் பிரசங்கித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நியூயார்க்கில் பத்திரமாக இருந்திருக்கக்கூடியவர், யுத்தம் வருமென்று அறிந்தே கப்பலேறித் தாய்நாடு திரும்பினார் என்றும், விசுவாசமுள்ளவன் ஓடிப்போகமாட்டான் என்றும் சற்று உரத்த குரலிலேயே சொன்னேன். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றபோது முதிய தாயார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். 1990-இல் மன்னார்க் கரையில் படகேறி இராமேசுவரம் வந்து சேர்ந்தவர். "ஓடி வந்ததாலதான் ஐயா நான் இருக்கிறன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் அந்த 1939-ஆம் ஆண்டுப் பயணத்தை மறுபடியும் படித்தேன். இறையியல் கல்லூரி நாட்களிலிருந்து எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதே வாரத்தில், அதே கடலில், எதிர்த்திசையில் இன்னொரு ஜெர்மானியக் கப்பல் போய்க்கொண்டிருந்ததை நான் ஒருபோதும் கவனித்ததில்லை. இந்த வாரம் அவ்விரு கப்பல்களையும் சேர்த்தே உங்கள் முன் வைக்கிறேன்.

அந்நாட்களில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா செல்ல விரும்பியவருக்குக் கப்பலே வழி. ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் 1937-இல் எரிந்து விழுந்துவிட்டது. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கடல்விமானம் பயணிகளுடன் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதே 1939 ஜூன் கடைசியில்தான். ஆகையால் பெருங்கப்பல்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 'பிரேமன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் 50,000 டன்னுக்கும் அதிகமானது; 1929 ஜூலையில் தன் முதற்பயணத்திலேயே ஐந்து நாளுக்குள் கடலைக் கடந்து வேகத்துக்கான பெருமையைத் தட்டிக்கொண்டது. கரை சேருமுன்பே தபாலைக் கொண்டு செல்ல மேல்தளத்திலிருந்து ஒரு சிறு விமானத்தை எறிந்துவிடும் பொறியும் அதில் இருந்தது. பணமும் கடவுச்சீட்டும் விசாவும் உள்ளவருக்கு அந்தப் பயணம் ஒரு விடுமுறை.

ஆனால் ஜெர்மனியில் வாழ்ந்த யூதருக்கு அதே பயணத்தைத் திட்டமிடுவது வேறுவகையாக இருந்தது. நாட்டைவிட்டு வெளியேற அரசுக்குத் தனி வரி கட்டவேண்டும். வீடும் கடையும் கிடைத்த விலைக்குப் போகும். கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட ரொக்கம் 10 மார்க் மட்டுமே. அமெரிக்காவோ ஆண்டுக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்திருந்தது. பெயரைப் பதிந்துவிட்டு முறைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். எனவே பலர் ஒரு யோசனை செய்தார்கள்: முறை வரும்வரை கியூபாவில் தங்கியிருப்பது. கியூபாவின் குடியேற்ற அதிகாரி ஒருவர் தரையிறங்கும் சான்றிதழ்களை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவற்றை நம்பி 1939 மே 13 அன்று ஹாம்பர்க் துறைமுகத்தில் 937 பயணிகள் 'செயின்ட் லூயிஸ்' கப்பலில் ஏறினார்கள். ஏறக்குறைய எல்லாரும் யூதர். கப்பல் நிறுவனம் அவர்களிடம் பயணச்சீட்டுக்கான பணத்தோடு, ஒருவேளை திரும்பிவர நேர்ந்தால் அதற்கென்று ஒரு தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எந்த நாட்டுக்குத் திரும்பக்கூடாதென்று எல்லாவற்றையும் விற்றார்களோ, அந்த நாட்டுக்குத் திரும்பும் கட்டணத்தையும் அவர்களே செலுத்தினார்கள்.

கப்பல் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, மே 5 அன்று, கியூபாவின் ஜனாதிபதி லாரெடோ புரூ அந்தச் சான்றிதழ்கள் செல்லாதென்று ஆணையிட்டிருந்தார். சிக்கல் வரக்கூடும் என்பதை நிறுவனம் அறிந்திருந்தது. பயணிகள் அறியவில்லை. அவர்கள் நம்பிக்கையோடு கடலைக் கடந்தார்கள். கப்பல் தலைவர் குஸ்டாவ் ஷ்ரோடர் அவர்களை மற்றப் பயணிகளைப்போலவே மரியாதையாக நடத்தவேண்டுமென்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் உணவுக்கூடத்தில் ஜெபம் செய்ய அனுமதித்தார். அந்த வேளைகளில் அங்கே மாட்டியிருந்த ஹிட்லரின் படத்தை இறக்கிவைக்கவும் இடங்கொடுத்தார்.

மே 27 அன்று ஹவானா துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சினார்கள். முறையான விசாவோ அனுமதிப் பத்திரமோ வைத்திருந்த 28 பேர் மட்டும் இறங்கினார்கள். ஒருவர் வழியிலேயே நோயால் மரித்திருந்தார். இன்னொருவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றதால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டார். மீதி 907 பேர். ஏற்கெனவே ஹவானாவில் இருந்த உறவினர் சிறு படகுகளில் கப்பலைச் சுற்றிவந்து, மேல்தளத்தில் நின்ற தங்கள் மனைவியரையும் பிள்ளைகளையும் பெயர்சொல்லிக் கூப்பிட்டார்கள். எட்டிப்பிடிக்கும் தூரம். ஆனாலும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அமெரிக்க யூத உதவிச் சங்கத்தார் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், கியூபா தலைக்கு 500 டாலர் வீதம் ஈடு கேட்டது, பேச்சு முறிந்தது. ஜூன் 2 அன்று கப்பலை வெளியேறச் சொன்னார்கள்.

ஷ்ரோடர் உடனே ஐரோப்பாவுக்குத் திருப்பவில்லை. ஃபிளாரிடா கரையோரமாக மெதுவாகச் செலுத்தினார். இரவில் மியாமி நகரத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. பயணிகள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி அனுப்பினார்கள். அவரிடமிருந்து பதில் வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் தங்கள் முறை வரும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்பதே அந்நாட்டு அரசின் நிலை. கனடாவும் ஏற்கவில்லை. ஜூன் 6 அன்று கப்பல் கிழக்கு நோக்கித் திரும்பியது.

மறுநாள், ஜூன் 7 அன்று, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்ட 'பிரேமன்' கப்பலில் பொன்ஹோஃபர் இருந்தார். வயது 33. உடன் அவருடைய மூத்த சகோதரர், விஞ்ஞானி கார்ல் ஃபிரீட்ரிஷ். 1906-இல் பிறந்தவர்களைப் படைக்கு அழைக்கும் நேரம் நெருங்கியிருந்தது. ஹிட்லரின் படையில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாது. வெளிப்படையாக மறுத்தால் தமக்கு மட்டுமல்ல, தம்முடைய சபைச் சகோதரருக்கும் ஆபத்து. ஆகவே ரைன்ஹோல்ட் நீபரும் பால் லேமனும் அமெரிக்காவில் அவருக்கு வேலை ஏற்பாடு செய்தார்கள். அழைப்பு இருந்தது, விசா இருந்தது, நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் தங்க அறையும் இருந்தது. சூனேமியாள் எலிசாவுக்குக் கட்டிக்கொடுத்த அறைவீட்டை நினைத்தோ என்னவோ, அந்த விருந்தினர் அறைக்குத் 'தீர்க்கதரிசியின் அறை' என்றே பெயர்.

இந்தத் தேதிகளைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். ஜூன் 7 முதல் 12 வரை இவ்விரு கப்பல்களும் ஒரே சமுத்திரத்தின்மேல் இருந்தன. இரண்டும் ஒரே நாட்டுக் கப்பல்கள். இரண்டிலும் அந்நாட்டு அரசுக்கு ஆகாதவர்கள் இருந்தார்கள். ஒன்றில் வரவேற்கப்பட்ட ஒருவர் மேற்கே போனார். மற்றதில் வேண்டாமென்று தள்ளப்பட்ட 907 பேர் கிழக்கே போனார்கள்.

நியூயார்க் சேர்ந்த பொன்ஹோஃபருக்கு நிம்மதி இல்லை. புகைபிடித்தார், தெருக்களில் தனியே நடந்தார், ஊர்ச் செய்திக்காக ஏங்கினார். நாட்குறிப்பில் தம்மையே விசாரித்துக்கொண்டார். அவருக்கென்று வைத்திருந்த வேலை என்ன தெரியுமா? நியூயார்க்கில் வந்து சேர்ந்த ஜெர்மானிய அகதிகளுக்குப் போதகராயிருப்பது. அதை ஏற்றுக்கொண்டால் நாஜி அரசு தம்மைத் திரும்ப நாட்டுக்குள் விடாது என்று கண்டு, ஜூன் 20 அன்று ஏற்பாட்டாளரிடம் மறுத்துவிட்டார். யுத்தத்தின் துன்பத்தில் தம் ஜனத்தோடு பங்குபெறாதவனுக்கு, பின்பு அங்கே திருச்சபையைக் கட்டியெழுப்ப உரிமை இராது என்று நீபருக்கு எழுதினார். சில நாள் கழித்து, மாரிகாலத்துக்கு முன் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வசனம் அன்றைய பாடமாக வந்தபோது, அதைத் தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டார். ஜூலை 7 இரவு கப்பலேறினார். ஒரு மாதம்கூட முழுமையாகத் தங்கவில்லை.

நான் பிரசங்கத்தில் பிடித்துக்கொண்ட வசனம் ஏசாயா 28:16. பொன்ஹோஃபரும் அந்த ஜூன் மாதத்தில் அதைத் தியானித்தார். லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்தில் அங்கே ஓடிப்போகாமையைக் குறிக்கும் சொல் இருக்கிறது. நம் தமிழ் வேதாகமத்திலோ இருப்பது பதறாமை. அவர் வாசித்த சொல்லை எடுத்து உங்கள் எல்லார்மேலும் வைத்துவிட்டேன். அவர் அப்படிச் செய்யவில்லை. தம்முடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் கணவர் யூத வம்சத்தார். 1938 செப்டம்பரில் அக்குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பிச் சென்றபோது, பாதிவழி கூடச்சென்று அனுப்பிவைத்தவர் பொன்ஹோஃபர்தான். அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் இங்கிலாந்தில் இறங்கி அவர்களோடு சில நாள் தங்கிவிட்டுத்தான் பெர்லினுக்குப் போனார். 1942-இல் அவரும் அவருடைய மைத்துனர் டோனானியும் பங்குகொண்ட ஒரு மறைவான ஏற்பாட்டினால் 14 பேர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார்கள். பெரும்பாலோர் யூத வம்சத்தார். அதற்காக அனுப்பப்பட்ட பணத்தைத் துருவிய விசாரணை, 1943 ஏப்ரல் 5 அன்று இருவரும் கைதானதற்குக் காரணங்களில் ஒன்று. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

தாம் திரும்பியது தமக்குக் கொடுக்கப்பட்ட அழைப்பு என்றே அவர் எண்ணினார். மற்றவர்களுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார். இதில் பாதியைத்தான் நான் பிரசங்கித்தேன்.

சென்ற மாதம் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். செயின்ட் லூயிஸ் கதையையும் சொன்னேன். "அந்தக் கப்பல் சனம் என்ன ஆனது ஐயா?" என்றார். கப்பல் ஜெர்மனிக்குப் போகவில்லை, கடைசி நேரத்தில் நான்கு நாடுகள் அவர்களைப் பங்கிட்டு ஏற்றுக்கொண்டன, ஜூன் 17 அன்று பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் சேர்ந்தார்கள் என்றேன். பிரிட்டன் 288 பேர், பிரான்ஸ் 224, பெல்ஜியம் 214, நெதர்லாந்து 181. பிரிட்டன் போனவர்களில் ஒருவர் 1940-இல் குண்டுவீச்சில் இறந்தார். மற்றவர்கள் யுத்தத்துக்குத் தப்பினார்கள். மற்ற மூன்று நாடுகளையும் அடுத்த ஆண்டே ஜெர்மன் படை பிடித்துக்கொண்டது. அங்கே போனவர்களில் 254 பேர் நாஜிக் கொடுமையில் மாண்டார்கள்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கப்பல் தலைவரைப் பற்றிக் கேட்டார். எந்த நாடும் ஏற்காவிட்டால் இங்கிலாந்துக் கரையில் கப்பலை வேண்டுமென்றே தரைதட்ட வைத்துப் பயணிகளை இறக்கிவிட ஷ்ரோடர் எண்ணியிருந்தாராம் என்றேன். யுத்தத்துக்குப்பின் வறுமையில் வாழ்ந்தார், 1959-இல் மரித்தார், 1993-இல் இஸ்ரவேலின் யாத் வாஷேம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டது என்றும் சொன்னேன்.

"எங்கட படகுக்காரன்ர பேர் எனக்குத் தெரியாது" என்றார் அவர். "ஜெபத்தில அவனைப் படகுக்காரன் எண்டுதான் சொல்லுறனான்." அன்று நாங்கள் ஜெபித்தபோது நானும் அப்படியே சொன்னேன்.