பிரியத் தெரிந்த இணைப்பு

கேஸ் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றியதும் சிலிண்டரின் வாய் தானாக மூடிக்கொள்கிறது. பந்தயக் காரில் குழாய்களை இணைக்கும் குயிக் ரிலீஸ் கப்லிங் செய்வதும் இதே வேலைதான். ஆனால் இங்கே பிரியும் இரண்டு பக்கமும் மூடியாக வேண்டும்.

இதன் பூர்வீகம் விமானம். 1940இல் ஜெர்மானியப் பொறியாளர் பீட்டர் ஹர்ஸ்ட், அமெரிக்காவின் ஜாக்சன் நகரில் ஏரோகுயிப் நிறுவனத்தைத் தொடங்கி, விமானங்களுக்கு ஹோஸ்களும் கழற்றி மாட்டும் பிட்டிங்குகளும் செய்தார். அமெரிக்க ராணுவமும் கடற்படையும் வகுத்த 'ஏஎன்' அளவுமுறையே பின்னாளில் பந்தயப் பட்டறைகளுக்கும் வந்தது. ஆறாம் நம்பர் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கு, சுமார் 9.5 மில்லிமீட்டர்.

தமிழ்நாட்டில் கார் பந்தயமும் விமானத்தளத்தில்தான் வேரூன்றியது. போர்க்காலச் சோழவரம் ஓடுதளத்தில் பல்லாண்டு ஓடிய கார்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் பெற்றன. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இன்று பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு பார்முலா பாரத் போட்டிக்கு வருகிறார்கள்.

கப்லிங்கின் உள்ளே இருப்பவை கொஞ்சம்தான்: ஸ்பிரிங் தாங்கிய இரண்டு வால்வுகள், பிடித்துக்கொள்ளும் எஃகுக் குண்டுகள், மேலே ஒரு வளையம், கசிவைத் தடுக்கும் ரப்பர் ஓ-ரிங். வளையத்தை இழுத்தால் குண்டுகள் விலகும்; ஸ்பிரிங் வால்வுகளைத் தள்ளி மூடும். இன்ஜினை இறக்கும்போது குழாய்களில் உள்ள ஆயிலை வடிக்கவோ, மாட்டிய பின் பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்கவோ நேரம் செலவாகாது. இதில் ஏமாற்றக்கூடியது ஓ-ரிங். பிரேக் ஆயிலைத் தாங்கும் இபிடிஎம் ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் பிரேக் ஆயிலில் கெட்டுப்போகும். வெளியே ஒன்றுபோல் தெரியும் இரண்டு கப்லிங்குகளை மாற்றி மாட்டினால் ஆபத்து.

விபத்தில் கப்லிங்கின் உறவான பிரேக்-அவே வால்வு உயிர்க்காவல். எரிபொருள் குழாயின் பிட்டிங் உடையவோ, டேங்கிலிருந்து பிடுங்கவோ தேவையான விசையில் பாதிக்கும் குறைவிலேயே வால்வு பிரிந்துவிட வேண்டும் என்கிறது பார்முலா ஒன் விதி. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைன் பந்தயத்தில் ஓட்டுநர் ரோமன் குரோஜானின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. எரிபொருள் இணைப்பு டேங்கிலிருந்தே பிடுங்கப்பட்டிருந்ததை விசாரணை காட்டியது. தீக்குள்ளிருந்து அவர் வெளிவர 27 வினாடிகள் ஆயின. விதி எழுதியும் விபத்து புதுப் பாடம் கற்பிக்கிறது.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டிலேயே படிக்கலாம். திருப்பரங்குன்றத்தில் 1957இல் கருமுத்து தியாகராசர் நிறுவிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. சற்றுத் தள்ளிக் கப்பலூர் தொழிற்பேட்டை. கப்லிங்கை நெடுக்காக அறுத்துப் பார்க்கவும், அழுத்தம் ஏற்றி ஒழுகலைச் சோதிக்கவும் இங்கே வழியுண்டு. வேகத்தில் மயங்கி வரும் இளைஞர்களுக்கு முதல் பாடமாக இதையே வைக்க வேண்டும். இறுக்கி மாட்டுவது எளிது. எப்போது, எவ்வளவு விசையில், ஒரு சொட்டும் சிந்தாமல் பிரிய வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுபவரே ஓட்டுநரின் உயிரைக் காப்பவர்.