நிலத்தோற்றக் கட்டடக்கலைப் பட்டப்பின் கல்வி: திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து

நிலத்தோற்றக் கட்டடக்கலை என்பது நிலம், நீர், தாவரம், மக்கள் புழங்கும் வெளி ஆகியவற்றைச் சேர்த்து ஆராய்ந்து வடிவமைக்கும் துறை. பூந்தோட்டம் அமைப்பது இதன் ஒரு சிறு கிளை. மழைநீர் எங்கே தங்கி எங்கே வடிய வேண்டும், கடலிலிருந்து வீடு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், கைவிடப்பட்ட கைத்தொழில் நிலத்தை எப்படி மீட்பது, திருவிழாக் கூட்டம் எந்த நிழலில் ஒதுங்கும் என்பவை இத்துறையின் அன்றாடக் கேள்விகள். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1900இல் இதற்கெனத் தனிக் கற்கைநெறியைத் தொடங்கியது. சர்வதேச நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர் சம்மேளனம் 1948இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவானது. நிலத்தையும் பொழுதையும் அங்கு வாழ்வோரின் தொழிலையும் ஒரே பெயருக்குள் வைத்துப் பார்க்கும் திணை என்ற கருத்து தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. இருந்தும் உயர்தர வகுப்பு மாணவரிடம் மருத்துவம், பொறியியல் பற்றிப் பேசுகிற அளவுக்கு இத்துறையைப் பற்றி நாம் பேசுவதில்லை. திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து இத்துறையில் முதுமாணிப் பட்டம் பெற வெளிநாடு செல்ல எண்ணும் மாணவரை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

துறைமுகம் ஒரு பாடப்புத்தகம்

திருகோணமலை மாவட்டத்தின் பரப்பு 2,727 சதுர கிலோமீற்றர். நெய்தலும் மருதமும் முல்லையும் இங்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடும். நிலாவெளிக் கடற்கரை, தம்பலகாமத்து வயல், கந்தளாய்க் குளம், அதற்கப்பால் உலர்வலயக் காடு. துறைமுகத்தின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1,630 ஹெக்டேயர். நுழைவாயின் அகலம் சுமார் 500 மீற்றர். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. குடாவின் வாயிலிலிருந்தே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால், நீலத்திமிங்கிலம் கரையிலிருந்து அதிக தூரமில்லாமல் காணக்கிடைக்கிறது.

இந்த இடத்தை அறிய ஒரு வெட்டுமுகம் வரைந்து பார்க்கலாம். கோணேசர் கோயில் நிற்கும் மலை விளிம்பில் தொடங்கி, நகரைக் குறுக்கே கடந்து, உட்துறைமுகக் கரை வரை ஒரு கோடு. நீளம் இரண்டு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். முதலில் கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் பாறை. அதன் அடியில், 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் சுழியோடிக் கண்ட பழைய கோயிற் சிதைவுகள். மேலே இன்றைய கோயில். பிறகு பிரெட்ரிக் கோட்டைக்குள் இறங்கும் வீதியும் மர நிழலில் ஆள் கண்டு ஓடாத புள்ளிமான்களும். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்து அதன் கற்களையும் சேர்த்துக் கட்டிய கோட்டையின் வாயிலில் இரட்டைமீன் சின்னம் இன்றும் தெரிகிறது. வாயிலைத் தாண்டினால் கடற்கரை மணல், மைதானம், நெருக்கமான கடைத்தெரு. முடிவில் அலையடிக்காத உட்துறைமுக நீர். கோட்டின் ஒரு முனையில் கடல் இரைகிறது, மறுமுனையில் குளம்போல் கிடக்கிறது. காற்றும் மண்ணும் உப்பும் மரமும் அடிக்கு அடி மாறும் இப்படியொரு இரண்டு கிலோமீற்றரை எந்தப் பல்கலைக்கழகமும் தன் மாணவருக்குச் செய்து கொடுக்க முடியாது.

சீனன்குடாவில் இன்னொரு பாடம் கிடக்கிறது. பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தழிந்தது. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி எஞ்சிய 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் உள்ளன. செய்திகளில் இது எரிபொருள் விவகாரமாகவும் இந்திய - இலங்கை உறவாகவுமே வருகிறது. துருப்பிடித்த இரும்பைச் சுற்றி மீண்டும் வளர்ந்த உலர்வலயக் காடு, அதில் நடமாடும் விலங்கு, மண்ணில் ஊறியிருக்கக்கூடிய எண்ணெய் ஆகியவை பற்றிய பேச்சு மிகக் குறைவு. அதை எழுப்ப வேண்டியவர் நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கரையோரத்தில் மீளக் கட்டக்கூடாத வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என அரசு அறிவித்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்த 200 மீற்றர், வள்ளத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம். எதிர்ப்பு எழுந்தது, விதி பின்னர் தளர்த்தப்பட்டது. கரை எங்கே உயர்ந்திருக்கிறது, மணல்மேடு எங்கே உண்டு, கண்டல் எங்கே நிற்கிறது என்று பாராமல் ஒரே அளவை நீளத்துக்கும் பிடித்ததுதான் பிழை. சமவுயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்று அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும்.

உள்நாட்டுப் படிப்பு

இலங்கையில் இத்துறைக்கு மையம் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடம். அங்கு நிலத்தோற்றக் கட்டடக்கலையில் இளமாணிப் பட்டம் உண்டு. அனுமதிக்கு உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையும் சேரும். தொழில்வாண்மை அமைப்பான இலங்கை நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர் நிறுவகம் மேற்சொன்ன சர்வதேச சம்மேளனத்தில் உறுப்புரிமை பெற்றது. கட்டடக்கலை, விவசாயம், புவியியல், தாவரவியல் படித்தவர்களும் முதுமாணி மட்டத்தில் இத்துறைக்கு மாறலாம். ஆனால் நாடும் கற்கைநெறியும் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்பு

அமெரிக்காவில் வடிவமைப்புப் பின்னணி இல்லாதவருக்கு முதுமாணி பெரும்பாலும் மூன்று ஆண்டு. கட்டடக்கலை அல்லது நிலத்தோற்றப் பட்டம் உள்ளவருக்கு இரண்டு. 2023 ஜூலையில் இத்துறை அங்கு அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால் படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர் 12 மாத வேலைப் பயிற்சிக்குமேல் 24 மாத நீட்டிப்பும் கோரலாம். பிரித்தானியாவில் லாண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட்டின் அங்கீகாரமும், அவுஸ்திரேலியாவில் அந்நாட்டு நிறுவகத்தின் அங்கீகாரமும் பட்டத்துக்கு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கீகாரமற்ற பட்டத்தோடு அந்நாடுகளில் தொழில்வாண்மைத் தகுதி பெறுவது கடினம்.

ஜேர்மனியில் வைஹென்ஸ்டெபான் - திரீஸ்டோர்ப், நூர்ட்டிங்கன் - கைஸ்லிங்கன் ஆகிய இரு உயர்கல்வி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் சர்வதேச முதுமாணி ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. செலவில் இது மற்ற மேற்கு நாடுகளைவிட மிகக் குறைவு. ஆனால் வீசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. திருகோணமலைக் குடும்பமொன்றுக்கு இது நிலமோ நகையோ அசையாமல் சேராத பணம்.

ஆகவே புலமைப்பரிசில்களைக் கடைசியில் பார்ப்பது தவறு. அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் செவனிங்கும், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்டும், ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டஸும், இந்தியாவில் பட்டப்பின் படிப்புக்கு இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் இலங்கையருக்குத் திறந்தவை.

நாட்டைத் தெரிவு செய்யும்போது தரவரிசையைவிடக் காலநிலைக்கு முதலிடம் கொடுப்பது நல்லது. குளிர்நாட்டில் மனப்பாடமாகும் மரப் பெயர்கள் பாலையும் வேம்பும் தாழையும் வளரும் மண்ணுக்கு உதவமாட்டா. மாரியில் கொட்டித் தீர்த்துவிட்டு, பின் மாதக்கணக்கில் கச்சான் காற்று வறட்டும் ஊர் இது. நீரைப் பிடித்து வைக்கும் கலையைக் குளம் வெட்டிய நாடுகளில் கற்பதே பொருத்தம். அந்தக் கணக்கில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியும், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகமும், டில்லியின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நம் மாணவருக்கு முதல் வரிசையில் வர வேண்டியவை. சென்னையில் விரிவுரை ஆங்கிலத்தில் இருந்தாலும், கள ஆய்வில் ஏரிக்கரை விவசாயியிடம் தமிழிலேயே கேட்டறியலாம்.

மேற்கில் கற்றது இங்கே பயன்படாது என்று இதற்குப் பொருளில்லை. இந்தியாவின் முகமது ஷாஹீர் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் இத்துறையைப் பயின்று டில்லிக்குத் திரும்பினார். பல தலைமுறை மாணவருக்குக் கற்பித்தார். ஹுமாயூன் கல்லறைத் தோட்ட மீட்பிலும், அவர் 2015இல் மறைந்த பின் 2018இல் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரிப் பூங்காவிலும் அவர் கை தெரிகிறது. ஸ்கொட்லாந்தின் இயன் மக்ஹார்க்கும் ஹார்வர்டுக்கு வெளிநாட்டு மாணவராகப் போனவர்தான். மண், நீர், காடு, குடியிருப்பு ஒவ்வொன்றையும் தனித் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் முறையை 1969இல் வெளிவந்த தம் நூலால் உலகறியச் செய்தார். இன்றைய புவியியல் தகவல் முறைமைகளில் அதே அடுக்கு முறையே வேலை செய்கிறது. பென்டோட்டைக்கு அருகே லுணுகங்கைத் தோட்டத்தை உருவாக்கிய ஜெஃப்ரி பாவாவும் லண்டனில் கற்று 1957இல் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். மூவருமே கற்ற முறையை ஓர் இடத்தில் பெற்று, தம் உழைப்பை இன்னோர் இடத்தின் மண்ணில் இட்டவர்கள்.

வடிவமைப்புத் தொகுப்பு

விண்ணப்பத்தின் உயிர் வடிவமைப்புத் தொகுப்பு. பளபளக்கும் கணினிப் படங்களால் அதை நிரப்புவோர் பலர். தெரிவுக் குழுவைப் பிடித்து நிறுத்துவது, ஓர் இடத்தை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பதே. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் உப்புவெளி மணலைப் பிடித்திருக்கும் விதத்தை ஒரு சதுர மீற்றர் சட்டம் வைத்து வரைந்த தாள், யாரோ கட்டாத நகரத்தின் பத்துப் படங்களை விஞ்சும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஊரார் சொல்வது மணல்மேட்டின் பொறியியலும்தான்.

கள வேலைக்கு முன் சில ஒழுங்குகள் அவசியம். கோட்டைக்குள் இராணுவ முகாமும் துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருப்பதால், அனுமதி இல்லாமல் படமெடுக்கவோ அளக்கவோ கூடாது. 1:50,000 அளவுப் படங்கள் நில அளவைத் திணைக்களத்தில் விலைக்குக் கிடைக்கும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், கடலிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயத்துக்குள் சேர்க்கிறது. இதை அறிந்து வரைந்த திட்டத்துக்கு எந்த நாட்டிலும் மதிப்பு உண்டு.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விண்ணப்ப முடிவுத் திகதி டிசம்பர், ஜனவரி மாதங்களில் வரும். திருகோணமலையில் அது மாரி உச்சத்தில் இருக்கும் காலம். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்திய மாரியிலேயே குடையையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவில் வெள்ளம் எந்த மதில் வரை ஏறுகிறது என்று குறித்து வையுங்கள். அதே தெருவைக் கச்சான் வீசும் ஆனியில் மறுபடி வரையுங்கள்.