பேட்டை தெருவான கதை

விருதுநகர் மெயின் பஜாருக்குள் நுழைந்ததும் மூக்குதான் முதலில் விழித்துக்கொள்ளும். வத்தல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் கடையைத் தாண்டினால் தொண்டை கமறும். கொஞ்சம் தள்ளி மல்லி, அதற்கப்பால் நல்லெண்ணெய். மூட்டை சுமந்து வருகிறவர் குரல் கொடுத்தால் கோடீஸ்வரரும் ஓரமாய் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். சுற்றிலும் பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல் பூமி. ஆனாலும் துவரைக்கும் உளுந்துக்கும் எண்ணெய்க்கும் இந்த ஊர் சொன்ன விலையை நாளிதழ்கள் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று தலைப்புப் போட்டு வெளியிடுகின்றன.

பழைய தெரு என்றால் நமக்கு ஒரு ராஜா வேண்டும். மதுரையின் மாசி வீதிக்கு நாயக்கர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிக்கு ஆண்டாளின் தேர் இருக்கிறது. இந்தப் பஜாருக்கு ராஜாவும் கிடையாது, தேரும் கிடையாது. இதைப் பெற்றெடுத்தது பயம்.

தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் பொதிமாட்டில் ஏற்றிக்கொண்டு நாடார் வியாபாரிகள் வடக்கே வந்தார்கள். 1801-ல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து, வண்டித்தடங்களில் நடமாட்டம் கூடிய காலம். ஓய்ந்தது போர்தான், வழிப்பறி ஓயவில்லை. பகலில் கூட்டமாகப் போய்விடலாம். இரவில் மாட்டை எங்கே அவிழ்ப்பது, சரக்கை எங்கே இறக்குவது? சாதியின் பேரால் அவர்களுக்கு அடைக்கப்பட்ட வாசல்களும் ஏராளம். எனவே தங்குமிடத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். சுற்றுச்சுவர், கதவு, உள்ளே கிணறு, வண்டி நிறுத்த இடம், சரக்கு வைக்கக் கொட்டகை. இதுதான் பேட்டை. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் இவர்கள் காலூன்றினார்கள். விருதுபட்டி என்பதுதான் அன்றைய விருதுநகர்.

வண்டி நின்ற இடத்தில் வாங்க ஆள் வந்தது. வாங்க ஆள் வந்ததும் கடை வந்தது. கடைக்குப் பின்னால் வீடு வந்தது. இப்படித்தான் பேட்டை தெருவானது.

சுவர் என்றால் செலவு. காவலுக்குக் கூலி வேண்டும், கிணற்றைத் தூர் வார வேண்டும். அதற்குத்தான் மகமை. பேட்டைக்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு, விற்றுமுதலில் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்தார்கள். மகமை இவர்கள் கண்டுபிடித்ததல்ல. நகரத்தார் முதல் பல வணிகச் சமூகங்களில் இருந்த பழக்கம்தான். இவர்கள் அதை விடாப்பிடியாய் நடத்தினார்கள் என்பதுதான் சிறப்பு. ஊர் நாடார்களின் சபையான உறவின்முறை கூடும், முறை வைத்து வரும் முறைமைக்காரர்கள் வசூலித்துக் கணக்கு ஒப்பிப்பார்கள். சர்க்காருக்குக் கட்டுகிற வரியில் நமக்கு என்ன திரும்பி வந்தது என்று தேட வேண்டியிருக்கும். மகமை எங்கே போயிற்று என்பதை அவரவர் கடை வாசலிலிருந்தே பார்க்கலாம்.

பிரஸ்ஸல்ஸ் நகரின் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தைச் சுற்றியும் இப்படித் தொழிற்கூட்டங்கள் எழுப்பிய மாளிகைகள் நிற்கின்றன. 1695-ல் பிரெஞ்சுப் பீரங்கிகள் தகர்த்தபின் மறுபடி கட்டியவை. இன்று அவை உலகப் பாரம்பரியச் சின்னம், பார்க்கப் போகிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து படமெடுக்கிறார்கள். விருதுநகரில் அண்ணாந்து பார்த்து நடந்தால் தள்ளுவண்டி இடித்துவிடும்.

1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. துறைமுகத்துக்குப் போகிற பருத்திப் பொதிகள் வண்டித்தடத்தை விட்டு இருப்புப்பாதைக்கு மாறின. பேட்டைச் சுவருக்கு வேலை குறைந்தது. ஆனாலும் பயம் முழுக்கப் போய்விடவில்லை. 1899-ல் சிவகாசி நாடார்களைக் குறிவைத்து நடந்த கொள்ளையே அதற்குச் சாட்சி. விருதுபட்டி 1923-ல் விருதுநகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1922-ல் கல்கத்தாவுக்குத் தீப்பெட்டித் தொழில் படிக்கப் போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பி வந்து சிவகாசியில் தொழிலைத் தொடங்கியதும் அதே சமயத்தில்தான். பட்டாசு அதற்கும் பிறகு வந்தது. அது வேறு கதை.

   

சுவரின் தேவை குறைந்த பிறகும் மகமை நிற்கவில்லை. அது பள்ளிக்கூடமானது. 1889-ல் க்ஷத்ரிய வித்யாசாலை எழுந்தது. மகமை மட்டும் போதாததால் பிடி அரிசியும் சேர்ந்தது. வீட்டில் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள். பள்ளிக்காக அதைச் சேகரித்துப் போவார்கள். மூட்டைக்குக் கணக்கு எழுதியவர்கள் ஆண்கள், உறவின்முறையில் உட்கார்ந்தவர்களும் ஆண்கள். பிடி அரிசி அள்ளிய கைகள் பெண்களுடையவை. சபையில் அவர்களுக்கு இடமில்லை. இந்தத் தெருவின் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

1903-ல் இந்த ஊரில் பிறந்து பின்னாளில் முதலமைச்சரான காமராஜ் படித்ததும் அந்தப் பள்ளியில்தான். தகப்பனார் இறந்தபின் படிப்பு நடுவில் நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் பையனை நிறுத்தினார்கள். அங்கே அவன் கிழித்துக் கொடுத்த ஒவ்வொரு துணிக்கும் மகமை பிடித்திருப்பார்கள். அதில் ஒரு பங்கு, அவன் பாதியில் விட்டு வந்த பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கும்.