கூட்டு

1971-இல் மலேசிய நாடாளுமன்றம் ஒரு தமிழ்ச் சொல்லைச் சட்டத்தின் பெயரிலேயே ஏற்றியது. கூட்டுப் பணத் தடைச் சட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். தடுக்க நினைத்த ஏற்பாட்டுக்கு நாட்டில் வழங்கும் பெயர்களையெல்லாம் சட்டமே அடுக்குகிறது: கூட்டு, சீட்டு, சிட் பண்ட், ஹுவெய், டொண்டீன். இத்தனை பெயர்களில் தலைப்புக்குப் போனது கூட்டு.

செய்முறை எளிது. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 100 வெள்ளி போடுகிறார்கள். (ரிங்கிட் வந்து எத்தனையோ காலமாகியும் மலேசியத் தமிழருக்கு அது வெள்ளிதான். வெள்ளி நாணயம் போய்விட்டது, பெயர் போகவில்லை.) சேர்ந்த 1,000 வெள்ளியை மாதத்துக்கு ஒருவர் எடுக்கிறார். குலுக்கியும் எடுக்கலாம், ஏலம் கேட்டும் எடுக்கலாம். ஏலமென்றால் அவசரக்காரர் தொகையைக் குறைத்துக் கேட்பார். குறைந்த பணம் மற்றவர்களுக்குப் பங்காகும். குலுக்கலில் அதுவும் இல்லை. பத்தாம் மாத முடிவில் ஒவ்வொருவரும் போட்டது 1,000, எடுத்ததும் 1,000. முதலில் எடுத்தவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுத்தவருக்குச் சேமிப்பு. கணக்குப் புத்தகத்தில் லாபமென்று எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் கூட்டு விழுந்த மாதம் ஒரு வீடு எப்படி மூச்சு விடும் என்பது, மாதக் கடைசியைப் பயந்து பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்.

பேராக் மாநிலத்தில் சித்தியவானையும் ஆயர் தாவாரையும் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் அந்தப் பயத்துக்குக் காரணம் வானத்திலேயே இருந்தது. விடிகாலை மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வேலை நின்றால் அன்றைய கூலி போயிற்று. இலை உதிரும் மாதங்களில் பால் சுண்டிப்போகும். ஆண்டின் கடைசி மாதங்களிலோ மழையும் இருக்கும், தீபாவளிச் செலவும் இருக்கும், சனவரியில் பள்ளி திறக்க உடுப்பும் புத்தகமும் வாங்க வேண்டியிருக்கும். அதுவரை மளிகைக் கடைப் பற்று 555 என்று அட்டையில் போட்ட குட்டி நோட்டில் ஏறிக்கொண்டே போகும். போதும் என்ற மனம் வேண்டும் என்று இப்படிப்பட்ட வீட்டுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளம் போதாதபோது மனத்தை மட்டும் போதும் என்று சொல்லச் சொல்வது நியாயமில்லை. அந்த வீடுகளுக்குத் தெம்பு கொடுத்தது வேறொன்று. இந்த மாதம் இல்லாவிட்டாலும் ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ தன் முறை வரும். அதுவரை தன் பெயரை இன்னும் ஒன்பது பேர் நினைவில் வைத்திருப்பார்கள்.

சொல்லைப் பிரித்தால் இதுதான் உள்ளே இருக்கிறது. வேர் ‘கூடு’ என்னும் வினை. கூட்டம், கூட்டல், பருப்பும் காயும் சேர்ந்த கூட்டு எல்லாம் அதன் மக்கள். ‘முடியும்’ என்பதற்குத் தமிழ் ‘கூடும்’ என்றும் சொல்கிறது. செய்யக்கூடியது, வரக்கூடும் என்று நாள்தோறும் பேசுகிறோம். சேர்வதற்கும் இயல்வதற்கும் ஒரே வினை போதும் என்று இந்த மொழி எப்போதோ முடிவு செய்துவிட்டது. நான் இதை வெறும் இலக்கணச் செய்தியாகப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் இதே ஏற்பாடு சீட்டு. பெயரெழுதிக் குலுக்கும் காகிதத் துண்டு அங்கே பெயர் கொடுத்தது. இலங்கையில் தமிழர் மட்டுமல்ல, சிங்களவரும் சீட்டு என்றே சொல்கிறார்கள். கேரளத்தில் சிட்டி, குறி. டொண்டீன் என்பது லொரென்சோ டி டொண்டி என்ற நேப்பிள்ஸ்காரரின் பெயரிலிருந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசுக்கு நிதித் திட்டம் எழுதிக் கொடுத்தவர் அவர். ஓரிடத்தில் காகிதம், ஓரிடத்தில் ஒரு மனிதர். மலாயாத் தமிழர் கூடிய செயலையே பெயராக்கிக்கொண்டார்கள். சீனர்களும் அப்படியே செய்தார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஹுவெய் என்றால் கூடுதல், சங்கம். 1903-இல் மெதடிஸ்ட் சபையின் ஏற்பாட்டில் பூச்சௌவிலிருந்து வந்து சித்தியவானில் குடியேறிய சீனர்களும் ரப்பர் நட்டுப் பிழைத்தவர்கள்தாம்.

மலாய் மொழியில் இது குட்டு. சேர்வதை ‘மாயின் குட்டு’ என்றும், நடத்துபவரை ‘இபு குட்டு’, அதாவது குட்டுத் தாய் என்றும் சொல்கிறார்கள். பேனுக்கும் மலாயில் அதே ஒலிதான். இரண்டும் வேறு சொற்கள். மூலதனத்துக்கு மலாய்க்காரர் சொல்லும் ‘மோடால்’ நம் ‘முதல்’. கப்பலேறி வந்த வணிகர் முதலைக் கொடுத்தார்கள், கூலிக்கு வந்தவர்கள் கூட்டைக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சித்தியவான் என்ற ஊர்ப்பெயரும் கூட்டு என்ற சொல்லுக்குத் தொலைவில் இல்லை. ‘செத்தியா காவான்’ என்பது சித்தியவானாயிற்று என்பார்கள். சேற்றில் புதைந்த ஒரு யானையை விட்டுப் போக மறுத்து இன்னொரு யானை கூடவே நின்றது என்பது ஊர்க்கதை. செத்தியா என்பது வடமொழிச் சத்தியம். காவான் என்றால் தோழன். மந்தைக்கும் மலாயில் அதே சொல். தோழனை மலேசியத் தமிழர் எப்படி அழைப்பார்கள்? ‘கூட்டாளி’ என்று.

சட்டம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கூட்டு நடத்துபவர் பணத்தோடு மறைந்தால், போட்டவர்களிடம் காட்டுவதற்கு ஒரு நோட்டைத் தவிர வேறில்லை. கூட்டைத் தொழிலாக நடத்துபவருக்கு இப்போது 500,000 வெள்ளி வரை அபராதமோ பத்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இழந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தவர் அந்தத் தண்டனையைக் கடுமை என்று சொல்லமாட்டார்.

ஆனால் அதே சொல் அந்தச் சட்டத்துக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வாசலில் நுழைந்திருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய தமிழர் அதற்குப் பெயர் வைத்தார்கள். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்கு 10 வெள்ளி கேட்டார். தொழிலாளரே தோட்டத்தை வாங்கலாம் என்றார். அப்படி எழுந்தது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். கூட்டு, உறவு. மழை நாள் கணக்கைப் பார்த்துப் பயந்த அதே கைகள் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தன.

தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. லயத்துப் பிள்ளைகள் பலர் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். வங்கிக் கடனுக்குச் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். கூட்டில் அதைக் கேட்பதில்லை. ஒரு வீட்டில் சாவோ பிரசவமோ என்றால், முறை விழுந்தவர் பணத்தைக் கையில் வாங்காமலே சொல்வார்: “நீ எடுத்துக்கக்கா. நான் அப்புறம் எடுத்துக்கிறேன்.” நோட்டில் இரண்டு பெயர்கள் இடம் மாறும்.